யோரிடோமோ எங்கே ஜெயித்தார்?

கேள்வி இதுதான்: 12ஆம் நூற்றாண்டு ஜப்பானில் கோலோச்சிய தைரா குலத்தைப் போர்க்களத்தில் அழித்தவர் தம்பி யோஷிட்சுனே. அண்ணன் மினமோட்டோ யோரிடோமோ தான் நடத்திய முதல் பெரிய சண்டையிலேயே தோற்று ஓடியவர். அதற்குப் பிறகு களத்துக்குப் போனதே அபூர்வம். அப்படியிருந்தும் ஜப்பானை ஆளும் அதிகாரம் அண்ணன் கைக்கு வந்தது எப்படி? தம்பியின் வெற்றியைத் திருடிக்கொண்டாரா?

தம்பிக்கு நடந்தது கொடுமை. அதை நியாயப்படுத்த நான் வரவில்லை. ஆனால் போர்களை மட்டும் வரிசையாகப் பார்த்தால் யோரிடோமோவின் எழுச்சி புரியவே புரியாது. அவர் ஜெயித்தது நில விவகாரத்தில். கிழக்கு ஜப்பானின் போர்வீரக் குடும்பங்களுக்கு யாராலும் தர முடியாத ஒன்றை அவர் தந்தார்: "இந்த நிலம் உன்னுடையது, உனக்குப் பிறகு உன் பிள்ளைகளுடையது" என்ற உறுதி. தைராவோடு நடந்த ஐந்து ஆண்டுப் போரை அந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

12ஆம் நூற்றாண்டில் தலைநகரம் கியோட்டோ. அங்கே பேரரசர், பட்டம் துறந்த பின்னும் ஆட்சியைக் கையில் வைத்திருந்த முன்னாள் பேரரசர், ஃபுஜிவாரா பிரபுக்கள், பெரிய கோயில்கள். கிழக்கே, இன்று டோக்கியோ இருக்கும் கான்டோ சமவெளியில், காட்டைத் திருத்தி வயலாக்கியவர்கள் குதிரையேறி வில் எய்யும் உள்ளூர்க் குடும்பங்கள். மாகாண ஆளுநரின் வரித் தொல்லையிலிருந்து தப்பிக்க அவர்கள் தங்கள் நிலத்தைத் தலைநகரத்துப் பிரபு ஒருவருக்கோ கோயிலுக்கோ எழுதி வைத்துவிடுவார்கள். பிறகு அதே நிலத்துக்கு மேலாளராக இருந்து, விளைச்சலில் ஒரு பங்கை மேலே அனுப்புவார்கள். ஆளுநர் மாறினாலோ, மேலிடத்தில் இருப்பவர் மனம் மாறினாலோ, பக்கத்து மாகாணத்துக்காரன் ஒரு பழைய பத்திரத்தோடு வந்து நின்றாலோ, நிலம் கைவிட்டுப் போய்விடும். வழக்கு கியோட்டோவில் நடக்கும். அங்கே இவர்கள் பேச்சு எடுபடாது.

ஒரு குடும்பத்தை நெருங்கிப் பார்ப்போம். ஷிமோசா மாகாணத்தில் (இன்றைய சிபா மாவட்டத்தின் வடபகுதியும் அதை ஒட்டிய இடங்களும்) சிபா என்ற குலம். சோமா என்ற நிலப்பகுதி அவர்களுடையது. 1136இல் வரிப் பாக்கி என்று சொல்லி ஆளுநர் குடும்பத் தலைவரைப் பிடித்து வைத்து, நிலத்தைத் தன் பேருக்கு எழுதி வாங்கினார். 1143இல் இன்னொருவர் வந்து நெருக்கி, அதே நிலத்துக்குத் தனக்கென ஒரு பத்திரம் எழுதி வாங்கினார். அவர் மினமோட்டோ யோஷிட்டோமோ, நம் யோரிடோமோவின் சொந்த அப்பா! அந்த வீட்டு மகன் சிபா சுனேடானே 1146இல் பாக்கி முழுவதையும் கட்டி நிலத்தை மீட்டு, ஈசே கோயிலுக்கு எழுதி வைத்துப் பாதுகாப்புத் தேடினார். 1161இல் பக்கத்து ஹிட்டாச்சி மாகாணத்து சடாகே குலத்தார் அந்தப் பழைய ஆளுநர் வீட்டிலிருந்து பத்திரங்களை வாங்கிக்கொண்டு வந்து நிலத்தைப் பறித்தார்கள். பாக்கியைக் கட்டியும், கோயிலுக்கு எழுதி வைத்தும், கடைசியில் ஒன்றும் மிஞ்சவில்லை. இந்த சுனேடானே பெயரை நினைவில் வையுங்கள், மறுபடி வருவார்.

இனி யோரிடோமோ. பிறந்தது 1147. அப்பா யோஷிட்டோமோ 1156இல் நடந்த ஹோகென் கலகத்தில் தைரா குலத் தலைவர் கியோமோரியோடு ஒரே அணியில் நின்று ஜெயித்தார். எதிரணியில் இருந்த சொந்தத் தகப்பனுக்கே மரண தண்டனை நிறைவேற்ற வேண்டிய நிலை அவருக்கு வந்தது. மூன்றே ஆண்டில் நட்பு முறிந்தது. 1159இன் ஹெய்ஜி கலகத்தில் கியோமோரி கோயில் யாத்திரை போயிருந்த நேரம் பார்த்து யோஷிட்டோமோ அணி அரண்மனையைப் பிடித்தது. கியோமோரி திரும்பி வந்து நொறுக்கிவிட்டார். தப்பி ஓடிய யோஷிட்டோமோவை, அடைக்கலம் கொடுத்த அவருடைய ஆளே கொன்றான். பிடிபட்ட யோரிடோமோவுக்கு வயது 13கூட நிரம்பவில்லை. கியோமோரியின் மாற்றாந்தாய் மன்றாடிக் கேட்டதால் தலை தப்பியது. இசு தீபகற்பத்துக்கு நாடு கடத்தினார்கள். கைக்குழந்தையாக இருந்த தம்பி யோஷிட்சுனே பின்னால் கியோட்டோவுக்கு வடக்கே குராமா மலைக்கோயிலுக்கு அனுப்பப்பட்டார்.

இசுவில் 20 ஆண்டுகள். படையும் இல்லை, நிலமும் இல்லை. அந்த ஊரில் அவரைக் கண்காணிக்கும் பொறுப்பில் இருந்த ஹோஜோ டோகிமாசாவின் மகள் மசாக்கோவை மணந்துகொண்டார். ஹோஜோ சின்னக் குடும்பம்தான். ஆனால் உள்ளூர்க்காரர்கள் எதை நினைத்துக் கவலைப்படுகிறார்கள், யாருக்கு யாரோடு எந்த வயலுக்காகச் சண்டை என்பதெல்லாம் இந்த ஆண்டுகளில்தான் அவருக்கு அத்துப்படி ஆகியிருக்க வேண்டும். தலைநகரத்தில் வளர்ந்த தைரா இளைஞர்களுக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை.

கியோமோரி இதற்குள் உச்சத்துக்குப் போய்விட்டார். 1167இல் தலைமை அமைச்சர். மகளைப் பேரரசருக்குக் கொடுத்தார். 1179இல் முன்னாள் பேரரசர் கோ-ஷிரகவாவை வீட்டுக் காவலில் வைத்து, ஏகப்பட்ட மாகாணங்களைத் தன் ஆட்களுக்கு மாற்றிக் கொடுத்தார். 1180இல் பேரன் அன்டோகு, மழலை மாறாத குழந்தை, பேரரசர். கியோட்டோவில் பதவி மாறியபோதெல்லாம் கிழக்கே ஒவ்வொரு மாகாணத்திலும் யாரோ ஒருவர் நிலத்தை இழந்தார், யாரோ ஒருவர் பெற்றார். கியோமோரிக்குத் தன் குலத்தாரைக் கைதூக்கிவிடத் தெரிந்தது. கிழக்கின் குதிரைவீரர்களுக்கென்று அவர் எதுவும் வைத்திருக்கவில்லை. குலம் என்று பார்த்தால், கிழக்கில் யோரிடோமோவுக்குத் துணை வந்தவர்களில் பலர், ஹோஜோவும் சிபாவும் உட்பட, தங்களைத் தைரா வம்சாவளி என்றே சொல்லிக்கொண்டவர்கள். ஆகவே இதை மினமோட்டோ ரத்தம், தைரா ரத்தம் என்று பிரித்துப் பார்ப்பது பாதிக்கு மேல் தவறு.

அதே 1180இல் இளவரசர் மோச்சிஹிட்டோ தைராவுக்கு எதிராக எழுமாறு மினமோட்டோக்களுக்கு ஓர் ஆணை அனுப்பினார். அவரும் அவரோடு எழுந்தவர்களும் ஊஜியில் நடந்த சண்டையிலும் அதை ஒட்டியும் மாண்டார்கள். ஆணை மட்டும் யோரிடோமோ கையில் இருந்தது. எட்டாம் மாதம் 17ஆம் தேதி (பழைய ஜப்பானியச் சந்திரக் கணக்கில்) இசுவின் துணை ஆளுநர் வீட்டை ஒரு சிறு கூட்டம் இரவில் தாக்கிக் கொன்றது. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது இரண்டு நாள் கழித்து நடந்தது. அந்தத் துணை ஆளுநரின் உறவினன் ஒருவன் இசுவிலேயே ஒரு கோயில் நிலத்தை நிர்வகித்துக் குடிகளைப் படுத்தி வந்தான். இனி அவனுக்கு அங்கே அதிகாரம் இல்லை என்று 19ஆம் தேதி யோரிடோமோ எழுத்தில் உத்தரவு போட்டார். யோரிடோமோ பின்னால் கிழக்கே காமகுரா என்ற ஊரில் அமைத்த ஆட்சியின் அதிகாரபூர்வ வரலாறான அசுமா ககாமி, கிழக்கின் நிர்வாகம் இதிலிருந்தே தொடங்கியது என்று குறித்து வைத்திருக்கிறது. யோசித்துப் பாருங்கள்: நாடு கடத்தப்பட்ட கைதி, கையில் சில டஜன் ஆட்கள், பேரரசின் பார்வையில் கலகக்காரர். அப்படிப்பட்டவர் முதல் வேலையாக நில உத்தரவு போடுகிறார், இளவரசரின் ஆணையைக் காட்டி.

நான்கு நாளில் இஷிபாஷியாமா மலையடிவாரத்தில் தோற்றார். அவரிடம் 300 பேர், எதிரியிடம் 3,000 பேர் என்கிறது அதே ஏடு. மலையில் ஒளிந்து, படகேறி, கடலுக்கு அப்பால் போசோ தீபகற்பத்தில் கரையேறினார். அங்கிருந்து சுனேடானேவுக்குத் தூது போனது. அப்போது அவருக்கு 60 வயதைத் தாண்டியிருந்தது. தூதுவன் சொன்னதைக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, கண்ணீர் பேச்சை அடைக்கிறது என்று சொன்னாராம். தைரா சார்பில் இருந்த அந்த மாகாணத் துணை ஆளுநரைத் தன் மகனையும் பேரனையும் விட்டுக் கொன்றுவிட்டு, 300 பேரோடு வந்து சேர்ந்தார். தூதுவனிடம் ஒரு யோசனையும் சொல்லி அனுப்பியிருந்தார்: காமகுராவுக்குப் போங்கள், முன்னோர் வாழ்ந்த இடம், மூன்று பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். நிலத்துக்காக அப்பா யோஷிட்டோமோ நெருக்கிய அதே வீடு மகனுக்கு முதல் தூணாக நின்றது. பழைய கணக்கை மறந்துவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. சடாகேயிடமிருந்து சோமாவை வாங்கித் தரக்கூடிய ஒரே ஆள் இவர் என்று கணக்குப் போட்டிருப்பார்.

அப்புறம் கசுசா ஹிரோட்சுனே பெரும்படையோடு வந்தார். 20,000 என்று எழுதியிருக்கிறது. அசுமா ககாமியின் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, ஆனால் அந்த வட்டாரத்திலேயே பெரிய படை அவருடையது என்பதில் சந்தேகமில்லை. தாமதமாக வந்ததற்காக யோரிடோமோ அவரைக் கடிந்துகொண்டார். தோற்று ஓடி வந்தவர், தன்னைக் காப்பாற்ற வந்தவரைத் திட்டுகிறார்! ஆள் சரியில்லை என்றால் தலையை வெட்டி தைராவுக்கு அனுப்பலாம் என்ற நினைப்போடு வந்த ஹிரோட்சுனே, அந்தத் தோரணையைப் பார்த்துப் பணிந்தார் என்கிறது ஏடு. தோற்று ஓடிய ஒன்றரை மாதத்துக்குள், பத்தாம் மாதம் 6ஆம் தேதி, யோரிடோமோ காமகுராவுக்குள் நுழைந்தார்.

அதே மாதம் 20ஆம் தேதி ஃபுஜி ஆற்றங்கரை. தைரா படை, இரவில் நீர்ப்பறவைகள் கூட்டமாக எழுந்த சத்தத்தை எதிரியின் தாக்குதல் என்று நினைத்துக் கலைந்து ஓடியது. கியோட்டோவரை துரத்திப் போக யோரிடோமோவுக்கு ஆசை. தடுத்தவர்கள் சுனேடானே, ஹிரோட்சுனே, மியூரா யோஷிசுமி மூவரும். முதலில் ஹிட்டாச்சி சடாகேயை அடக்குங்கள், கிழக்கை உறுதிப்படுத்துங்கள், மேற்கை அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். சடாகே என்று அவர்கள் சொன்னதன் பின்னால் சோமா வயல்கள் இருந்தன. யோரிடோமோ கேட்டுக்கொண்டார். 23ஆம் தேதி சாகாமி மாகாணத் தலைமையிடத்தில் உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் பழைய நிலத்தை உறுதி செய்தும் புது நிலம் கொடுத்தும் உத்தரவு போட்டார். அடுத்த மாதம் சடாகேயை அடித்தார். சோமா சிபா வீட்டுக்குத் திரும்பியது. அவருடைய வாழ்க்கையில் ஒரு திருப்புமுனையைச் சொல்லச் சொன்னால் இந்த நாலு நாளைத்தான் சொல்வேன். தலைநகரத்துக்குப் போயிருந்தால் இன்னொரு கியோமோரி ஆகியிருப்பார்.

அப்படிப் போனவருக்கு என்ன ஆனது என்பதற்கு உதாரணமும் இருக்கிறது. ஒன்றுவிட்ட சகோதரர் கிசோ யோஷினாக்கா 1183இல் குரிகாரா கணவாயில் தைரா படையை நொறுக்கிவிட்டு கியோட்டோவுக்குள் புகுந்தார். தைரா குலம் குழந்தைப் பேரரசரைத் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடியது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளாக மேற்கு ஜப்பானில் கடும் பஞ்சம். கியோட்டோவின் தெருக்களில் பிணம் கிடந்த காலம். அந்த ஊரில் பசித்த படையைக் கொண்டுபோய் நிறுத்தினால் கொள்ளைதான் நடக்கும், நடந்தது. கோ-ஷிரகவா மிரண்டுபோய்க் காமகுரா பக்கம் திரும்பினார். யோரிடோமோ நகரவில்லை. கடிதத்தில் பேரம் பேசினார்: கிழக்கில் பிரபுக்களுக்கும் கோயில்களுக்கும் சேர வேண்டிய பங்கு மறுபடி வந்து சேர நான் பொறுப்பு, அதற்கு மறுக்கிறவர்களை அடக்கும் அதிகாரம் எனக்கு. 1183இன் பத்தாம் மாத ஆணை அதைக் கொடுத்தது. கலகக்காரர் என்ற பெயர் போய், கிழக்குச் சாலை மாகாணங்களில் சட்டபூர்வமான அதிகாரி ஆனார்.

இதே ஆண்டின் கடைசியில் ஹிரோட்சுனே கொல்லப்பட்டார். சுகோரோக்கு என்ற பலகை ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தபோது காஜிவாரா காகேட்டோகி அவரை வெட்டினார், உத்தரவு யோரிடோமோவுடையது. அரசவையைப் பற்றி நமக்கென்ன கவலை, கிழக்கிலேயே இருந்துவிட்டால் யார் நம்மை அசைக்க முடியும் என்று ஹிரோட்சுனே பேசி வந்தார் என்பதே யோரிடோமோ பின்னால் சொன்ன காரணம். அவ்வளவு பெரிய படை தனியாக ஒருவர் கையில் இருந்ததும் ஒரு காரணமாக இருந்திருக்கும். எப்படிப் பார்த்தாலும் இது நன்றி கெட்ட கொலை. யோரிடோமோவை மெச்சுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள், அது சரியல்ல.

போரின் மீதிப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1184 தொடக்கத்தில் தம்பிகள் நோரியோரியும் யோஷிட்சுனேவும் யோஷினாக்காவை முடித்தார்கள். பிறகு தைராவுக்கு எதிராக இச்சினோட்டானி சண்டை, 1185இல் யாஷிமா சண்டை, அதே ஆண்டு ஏப்ரல் 25 அன்று டன்னோஊரா கடற்போர். குழந்தைப் பேரரசர் அன்டோகு பாட்டியின் கையில் கடலில் மூழ்கினார், அரச சின்னமான வாளும் போயிற்று. யோஷிட்சுனேவின் வேகமும் துணிச்சலும் உண்மையிலேயே அபாரம். இந்த நேரத்தில் அண்ணன் காமகுராவில் என்ன செய்துகொண்டிருந்தார்? கியோட்டோவில் எழுத்து வேலை பழகிய ஓயே ஹிரோமோட்டோ, மியோஷி யசுனோபு போன்றவர்களை வரவழைத்து, 1184இல் ஓர் ஆவண அலுவலகமும் ஒரு வழக்கு விசாரணை அலுவலகமும் திறந்தார். வீரர்களை மேற்பார்க்கும் அலுவலகம் 1180இலேயே வந்துவிட்டது. நில வழக்குக்குக் கிழக்கத்திக்காரன் இனி கியோட்டோ போக வேண்டாம்.

தம்பியோடு வந்த மோதலும் இங்கேதான் பிறக்கிறது. இச்சினோட்டானிக்குப் பிறகு யோஷிட்சுனே அண்ணனைக் கேட்காமல் அரசவைப் பதவி வாங்கிக்கொண்டார். அவர் மட்டுமல்ல, பல கிழக்கு வீரர்களும் வாங்கினார்கள். டன்னோஊரா முடிந்த சில வாரங்களில் யோரிடோமோ அவர்களுக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. அரசவை உத்தியோகம் வேண்டுமென்றால் அங்கேயே இருங்கள், சுனோமாட்டா என்ற ஆற்றங்கரை ஊரைத் தாண்டிக் கிழக்கே வந்தால் நிலமும் போகும், தலையும் போகும் என்கிறார். பல பெயர்களுக்குப் பக்கத்தில் ஒரு வசவு. ஒருவனுக்கு எலிக்கண். ஒருவன் குரல் கரகரப்பு. மேற்கே போருக்குப் போகும் வழியில் கியோட்டோவில் நின்று பதவி வாங்கிய இருவர், வழியில் புல் மேய நிற்கும் மந்தக் குதிரைகள். இத்தனை கோபம் ஏன்? வெகுமதி ஒரே வாசல் வழியாகத்தான் வர வேண்டும். கோ-ஷிரகவா தனியாகக் கொடுக்க ஆரம்பித்தால் ஒவ்வொருவரையும் தனித்தனியாக விலைக்கு வாங்கிவிடுவார். யோஷிட்சுனேவுக்கு இது கடைசிவரை புரியவில்லை. காமகுரா வாசலில் கோஷிகோயேவில் நிறுத்தப்பட்டு, தன் உழைப்பைச் சொல்லி அவர் அனுப்பிய உருக்கமான கடிதம் பலிக்கவில்லை.

சில மாதங்களில், அண்ணனைத் தண்டிக்கும் ஆணையை யோஷிட்சுனே கோ-ஷிரகவாவிடமிருந்து வாங்கினார். படை சேரவில்லை. ஜப்பானின் மிகச் சிறந்த தளபதி அழைத்தும் ஆள் வரவில்லை, ஏனென்றால் அவரிடம் கொடுக்க நிலம் இல்லை. யோரிடோமோ இதைப் பிடித்துக்கொண்டு மாமனார் டோகிமாசாவை 1,000 குதிரைவீரர்களோடு கியோட்டோவுக்கு அனுப்பினார். யோஷிட்சுனேவைத் தேடுவது என்ற பெயரில், மாகாணங்களுக்குக் காவல் பொறுப்பாளர்களையும் (ஷுகோ) நிலங்களுக்குக் கண்காணிப்பாளர்களையும் (ஜிடோ) நியமிக்கும் உரிமையை வாங்கினார். ஜிடோ என்பது எளிதாகச் சொன்னால் வேலைக்கான உரிமை: வரி வசூலித்து மேலே அனுப்பு, உன் பங்கை எடுத்துக்கொள், உன் பிள்ளைக்கும் விடு. நிலத்தின் மேலுரிமை பழையபடி பிரபுவுக்கோ கோயிலுக்கோதான். ஆனால் ஜிடோவை நீக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை, காமகுராவுக்கு மட்டும். முன்பு சிபா வீட்டுக்கு நடந்தது இனி நடக்காது.

தம்பி வடக்கே ஹிராய்சுமியில், அந்தப் பகுதியை ஆண்ட ஓஷூ ஃபுஜிவாராக்களிடம் அடைக்கலம் புகுந்து, 1189இல் அவர்களாலேயே தாக்கப்பட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். தலை சாக்கேயில் (அரிசி மது) ஊறப்போட்டுக் காமகுராவுக்கு வந்தது. அதோடு விடவில்லை; நாடு முழுவதிலிருந்தும் வீரர்களை அழைத்து யோரிடோமோ தானே தலைமை தாங்கி வடக்கை வென்றார். அந்தக் குலத் தலைவன் யசுஹிராவின் தலையைக் கொண்டுவந்தவன் யசுஹிராவின் சொந்த ஆள். எஜமானைக் கொன்றவன் என்று அவனுக்கும் மரண தண்டனை. தன் அப்பாவைக் கொன்றவனை அவர் மறந்திருக்க மாட்டார்.

1192இல் கோ-ஷிரகவா இறந்த சில மாதங்களில் ஷோகுன் (தலைமைப் படைத்தளபதி) பட்டம் வந்தது. அந்த ஆண்டின் ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் முடிக்க முடியாது. யோரிடோமோ கையொப்பமிட்ட பழைய நிலப்பத்திரங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அலுவலகத்தின் பெயரில் புதுப் பத்திரம் கொடுக்கத் தொடங்கினார்கள். 70 வயதைத் தாண்டிய சுனேடானே மறுத்தார். அலுவலகப் பத்திரத்தில் இருப்பது எழுத்தர்களின் கையெழுத்து, பின்னாளில் அது செல்லுமா? தலைவர் கையொப்பம் வைத்த பத்திரம் வேண்டும், என் சந்ததிக்குச் சான்று என்றார். பத்திரத்தால் இரண்டு தலைமுறை அடிபட்ட மனிதர் வேறென்ன கேட்பார்? யோரிடோமோ தனியாக ஒன்று எழுதி, கையொப்பமிட்டுக் கொடுத்தார்.

1199இல் யோரிடோமோ இறந்தார். மூத்த மகன் யோரியே 1204இல் கொல்லப்பட்டார், இளையவர் சனேட்டோமோ 1219இல். வம்சம் முடிந்தது. அதிகாரம் மசாக்கோவிடமும் ஹோஜோ வீட்டிடமும். இதுதான் சமயம் என்று முன்னாள் பேரரசர் கோ-டோபா 1221இல் காமகுராவுக்கு எதிராக ஆணை விட்டார். கிழக்கு வீரர்களைக் கூட்டி மசாக்கோ நினைவுபடுத்தியது ஒன்றைத்தான்: பதவியும் வருமானமும் உங்களுக்கு யாரால் வந்தன, அந்தக் கடன் மலையைவிட உயரம், கடலைவிட ஆழம். அவர்கள் கியோட்டோவை நோக்கிக் கிளம்பினார்கள். ஒரு மாதத்துக்குள் தலைநகரம் விழுந்தது, கோ-டோபா ஓகி தீவுக்கு நாடு கடத்தப்பட்டார், அவர் பக்கம் நின்றவர்களிடமிருந்து பறித்த 3,000க்கும் மேற்பட்ட நிலங்களுக்குக் காமகுரா புது ஜிடோக்களை நியமித்தது.